மழை விலகியதும் நாய்கள் மாறுவது ஏன்? இலையுதிர் காலத்தின் குரைப்பும் கடியும் சொல்லும் செய்தி

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தெருநாய்கள் கூட்டமாகத் திரிவதற்கும், இரவில் ஓயாது குரைப்பதற்கும், குட்டி ஈன்ற தாய்நாய்கள் வழிப்போக்கர்கள் மீது பாய்வதற்கும் பருவ மாற்றத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. வீட்டு நாய்களும் இதற்கு விலக்கல்ல.

புதுடெல்லி: தென்மேற்குப் பருவமழை வழக்கமாக செப்டம்பர் 17-ஆம் தேதி வாக்கில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்கி, அக்டோபர் நடுப்பகுதியில் நாட்டை விட்டு விலகுகிறது. வானம் தெளிகிறது, இரவுகள் குளிர்கின்றன, பகல் சுருங்குகிறது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் நீடித்த டெல்லியின் பகற்பொழுது, தீபாவளியை ஒட்டிய நாட்களில் 11 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மனிதர்கள் இதனைப் போர்வை எடுக்கும் காலமாக உணர்கின்றனர். அதே தெருவில் வாழும் நாய்களுக்கு இது ஆண்டின் மிகவும் பரபரப்பான காலம்.

நகராட்சி அலுவலகங்களுக்கு நாய்த் தொல்லை குறித்த புகார்கள் வரும்போதெல்லாம், நாய்கள் திடீரென்று மூர்க்கமாகிவிட்டன என்று சொல்லப்படுகிறது. நாய்களைப் பொறுத்தவரை இதில் திடீரென்று நிகழ்வது எதுவும் இல்லை. இணைசேர்தல், சினை, ஈனுதல், குட்டி வளர்ப்பு என்ற வரிசை பெருமளவுக்கு ஒரே கால அட்டவணைப்படி ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அந்த அட்டவணையை அறிந்தவர்களுக்குக் கடியைத் தவிர்ப்பதும் எளிது. கருத்தடைப் பணியைத் திட்டமிடுவதும் எளிது.

பழமொழிகள் அறிந்த பருவம்

நாய்களின் இணைசேரும் பருவத்தை ஆய்வாளர்களுக்கு முன்பே இந்திய மொழிகள் குறித்து வைத்திருக்கின்றன. வங்காளிகள் அடக்கமின்றி அலைபவரை 'பாத்ர மாதத்து நாய்' என்று ஏசுவர். மராத்தியிலும் 'பாத்ரபத மாதத்து நாய்' என்ற வழக்கு உண்டு. இது ஏறத்தாழ ஆகஸ்ட் பிற்பகுதி, செப்டம்பர் மாதக் காலம். இந்தி பேசும் சமவெளியில் அதே ஏச்சு கார்த்திக் மாதத்துக்கு, அதாவது அக்டோபர், நவம்பருக்கு நகர்கிறது. தமிழ்ப் பேச்சு வழக்கில் அது மார்கழியாகிறது. ஊருக்கு ஊர் மாதம் மாறினாலும், மழை தணிந்து குளிர் தொடங்கும் காலம் என்ற அடிப்படை மாறவில்லை. வசைச்சொல் என்பதால் இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெருவைக் கவனித்தவர்களின் குறிப்பு இது.

அறிவியல் ஆய்வுகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. மேற்கு வங்கத்தின் நகர, கிராமப்புற நாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த விலங்கியல் ஆய்வாளர் சுனில் குமார் பால், இணைசேர்தல் மழைக்காலத்தின் இறுதியிலும் அதனைத் தொடர்ந்த மாதங்களிலும் குவிவதையும், குட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் பிறப்பதையும் பதிவு செய்தார். ஜெய்ப்பூர் தெருநாய்களை ஆராய்ந்த கால்நடை மருத்துவர்களும் இதேபோன்ற பருவ ஒழுங்கைக் கண்டனர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. நாய் பருவத்துக்குக் கட்டுப்படாத விலங்கு என்றே கால்நடை மருத்துவப் பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. வீட்டில் வளரும் பெண் நாய்க்குச் சராசரியாக ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வருகிறது. அது எந்த மாதத்திலும் வரக்கூடும். ஆனால் நாயின் மூதாதையான ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இணை சேரும். இந்திய ஓநாய்களின் இணைசேரும் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் அமைகிறது. நாயினங்களிலும் இமயமலையைச் சேர்ந்த திபெத்திய மாஸ்டிஃப், காங்கோவைச் சேர்ந்த பசென்ஜி ஆகியவை இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தை ஒட்டியே சினைப்பருவம் அடைகின்றன. வேளாவேளைக்கு உணவும் இரவு முழுவதும் மின்விளக்கும் உள்ள வீட்டுக்குள் மங்கிப்போன பழைய ஒழுங்கு, வெயிலிலும் மழையிலும் வாழும் தெருநாய்களிடம் ஓரளவு தங்கியிருப்பதாகக் கருத இடமுண்டு.

பகற்பொழுதின் நீளம் குறையும்போது கண் வழியாக அந்தச் செய்தி மூளையை அடைகிறது. இருளில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நீண்ட நேரம் சுரக்கத் தொடங்குகிறது. பல பாலூட்டிகளில் உரோமம் மாறுவதையும் இனப்பெருக்கத்தையும் நெறிப்படுத்தும் சமிக்ஞை இதுவே. தெருநாயைப் பொறுத்தவரை பகலின் நீளம், வெப்பம், உணவு ஆகியவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே பிரித்துச் சொல்வது கடினம்.

மூன்று வாரப் பரபரப்பு

ஒரு பெண் நாயின் சினைப்பருவம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடிக்கிறது. முதல் ஒன்பது நாட்கள் வாக்கில் இரத்தக் கசிவு காணப்படும். அப்போது ஆண் நாய்கள் நெருங்கினாலும் அது இடம் கொடுக்காது. அடுத்த ஒன்பது நாட்கள் வாக்கில்தான் இணைசேர ஒத்துழைக்கும். ஆனால் அதன் சிறுநீரில் உள்ள வாசனை முதல் நாளிலிருந்தே தெருவெங்கும் செய்தி பரப்புகிறது. தன் எல்லையை விட்டு அகலாத ஆண் நாய்கள்கூட வேறு தெருக்களுக்குள் நுழைகின்றன. அங்குள்ள நாய்களோடு மோதுகின்றன. ஒரு பெண் நாயின் பின்னால் ஐந்தாறு ஆண் நாய்கள் அணிவகுத்துச் செல்லும் காட்சி அக்டோபர் மாத டெல்லியில் அன்றாடம் காணக்கூடியது.

இந்தக் கூட்டத்தின் கவனம் மனிதர்கள் மீது இல்லை. ஆயினும் இடையில் சிக்குபவர்களுக்கு ஆபத்து உண்டு. சண்டையிடும் நாய்களைக் கையால் விலக்க முயல்பவர்கள் கடிபடுகின்றனர். கூட்டத்தின் குறுக்கே செல்லும் இருசக்கர வாகனங்கள் சாய்கின்றன. நாய்களும் இதே வாரங்களில் சாலைகளில் அடிபடுகின்றன, ஏனெனில் வாசனையைத் தொடரும் நாய் வாகனத்தைக் கவனிப்பதில்லை.

இணைசேர்ந்த நாய்கள் சிறிது நேரம் பிரிய இயலாமல் பிணைந்து நிற்பது இயற்கை. சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் இது நீடிக்கலாம். அப்போது கல்லெறிவதும், தண்ணீர் ஊற்றுவதும், தடியால் பிரிக்க முயல்வதும் பல ஊர்களில் வேடிக்கையாகவே நடக்கின்றன. இதனால் இரண்டு நாய்களின் உறுப்புகளும் கடுமையாகக் காயமடையக்கூடும். வலியால் துடிக்கும் நாய் அருகில் நிற்பவரைக் கடித்தால் அதில் வியப்பில்லை.

வீட்டில் வளரும் ஆண் நாய்களும் இந்த அலையிலிருந்து தப்புவதில்லை. உணவைத் தொடாமல் கதவருகே படுத்துக் கிடப்பது, இரவில் ஊளையிடுவது, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவது, வீட்டுக்குள் ஆங்காங்கே சிறுநீர் கழிப்பது ஆகியவை கருத்தடை செய்யப்படாத ஆண் நாய்களிடம் இக்காலத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இதனைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடிப்பதால் பயன் ஏதும் இல்லை.

இரவுக் குரைப்பு ஏன் பெருகுகிறது?

இதற்கு விடை நாயிடம் மட்டுமல்ல, காற்றிலும் இருக்கிறது. கோடையில் தெருநாய்கள் பகல் முழுவதும் நிழலில் சுருண்டு கிடந்து விடியற்காலையிலும் அந்தியிலும் மட்டுமே நடமாடும். அக்டோபரில் வெப்பம் தணிந்ததும் அவற்றின் நடமாட்டம் பகலுக்கும் பரவுகிறது. நடைப்பயிற்சிக்குச் செல்வோரும் பள்ளிக்குழந்தைகளும் அவற்றை எதிர்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. இரவிலோ சூரியன் விரைவில் மறைவதால் தெருக்கள் முன்னதாகவே வெறிச்சோடுகின்றன. ஆளரவமற்ற தெருவில் தனியாக வரும் ஒருவர் நாய்களின் கண்ணுக்கு அந்நியராகத் தெரிகிறார்.

வட இந்தியாவின் குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று ஒப்பீட்டளவில் வெப்பமாக இருக்கும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது. நகரின் புகையைத் தரையோடு அழுத்தி வைப்பதும் இதே நிலைதான். இத்தகைய காற்றில் ஒலி மேல்நோக்கிச் சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் செல்கிறது. கோடையில் காதில் விழாத அடுத்த குடியிருப்பின் குரைப்பு, நவம்பரில் படுக்கையறை வரை வருகிறது. மனிதருக்கே கேட்கும் இக்குரல் நாய்களுக்குக் கேட்காமல் இருக்குமா? ஒன்று தொடங்க, மற்றவை பதில் சொல்ல, விடியும் வரை அது தொடர்கிறது.

பட்டாசு: ஓர் இரவின் அச்சம்

இந்தப் பருவத்தின் நடுவில்தான் தீபாவளி வருகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும். நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியையும் உணரும். மனிதருக்குத் தொலைவில் மங்கலாக ஒலிக்கும் வெடிச்சத்தம் நாய்க்கு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது, எப்போது முடியும் என்பதை அறிய வழியில்லாததே நாயின் பெரிய துன்பம்.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளுக்கு இந்தியாவில் 1999-ஆம் ஆண்டு முதல் தடை உள்ளது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. 2025-ஆம் ஆண்டு தலைநகர்ப் பகுதியில் பசுமைப் பட்டாசுகளுக்குக் காலையில் ஒரு மணி நேரமும் இரவில் இரண்டு மணி நேரமும் அனுமதி அளிக்கப்பட்டது. நேரக் கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்பட்டால் நாய்களுக்கு அதுவே பெரும் ஆறுதல். சத்தத்தின் அளவைப் போலவே அது நீடிக்கும் காலமும் அவற்றைச் சோர்வடையச் செய்கிறது.

வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய் மூச்சிரைக்கும், எச்சில் வடிக்கும், கட்டிலுக்கு அடியில் ஒடுங்கும், கதவைப் பிறாண்டும். தெருநாய்க்கு ஒடுங்கக் கட்டில் இல்லை என்பதால் அது ஓடுகிறது. ஓடிய நாய் மற்றொரு கூட்டத்தின் எல்லைக்குள் சிக்கிக் கடிபடுகிறது. திரும்பி வரத் தெரியாமல் அலைகிறது. வீட்டை விட்டு ஓடிய வளர்ப்பு நாய்களைத் தேடும் அறிவிப்புகள் தீபாவளிக்கு மறுநாள் சமூக ஊடகங்களில் குவிகின்றன. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்து வைப்பதே இதற்கு எளிய முன்னேற்பாடு.

அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்ற நம்பிக்கை நாய் வளர்ப்போரிடம் பரவலாக உள்ளது. அது சரியன்று. அச்சம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் அளிப்பதால் அது வெகுமதி பெற்றதாகிப் பெருகிவிடாது. நாய் தானாக அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளலாம். ஒளிந்திருந்தால் வெளியே இழுக்காமல் விட்டுவிடலாம். சன்னல்களை மூடி, மின்விசிறி அல்லது தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டி, இருள் விழுமுன்பே நடைக்கு அழைத்துச் சென்று வருவது உதவும். மிகவும் அஞ்சும் நாய்களுக்குத் தற்காலப் பதற்றத் தணிப்பு மருந்துகள் உள்ளன. ஆனால் அவற்றைக் கால்நடை மருத்துவர் மட்டுமே பரிந்துரைக்க வேண்டும். உடலை மட்டும் அசையவிடாமல் செய்து அச்சத்தை அப்படியே விட்டுவைக்கும் பழைய மயக்க மருந்துகளைப் பண்டிகை இரவுக்காகக் கடையில் வாங்கிக் கொடுப்பது தீங்கானது.

இதே தீபாவளி நாட்களில் டார்ஜிலிங், சிக்கிம் பகுதிகளில் வாழும் நேபாளி மொழி பேசும் மக்கள் திகார் விழாவின் இரண்டாம் நாளில் நாய்களுக்குச் செண்டுமல்லி மாலை சூட்டி, நெற்றியில் திலகமிட்டு, விருந்து படைக்கின்றனர். குகுர் திகார் எனப்படும் அந்நாளில் தெருநாய்க்கும் மாலை உண்டு.

உரோமம், உண்ணி, மூட்டு வலி

வீட்டு நாய் வளர்ப்போர் இலையுதிர் காலத்தை முதலில் அறிவது தரையில்தான். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்ற இரட்டை உரோமம் கொண்ட இனங்கள் கோடைக்கான மெல்லிய உரோமத்தை உதிர்த்துவிட்டு, குளிருக்கான அடர்ந்த உள்ளுரோமத்தை வளர்க்கின்றன. சென்னை, கொச்சி போன்ற நகரங்களில் பகல் நீளத்தின் வேறுபாடு குறைவு என்பதாலும், அடுக்குமாடி வீடுகளில் விளக்கொளி நீடிப்பதாலும், இந்த உதிர்தல் குறிப்பிட்ட பருவத்தில் குவியாமல் ஆண்டு முழுவதும் தொடர்வதுண்டு. தினமும் சீவிவிடுவதைத் தவிர இதற்கு வேறு சிகிச்சை தேவையில்லை. ஆனால் வட்ட வட்டமாக உரோமம் கொட்டினாலோ, தோல் சிவந்து நாய் ஓயாது சொறிந்தாலோ, அது பருவத்தின் வேலை அல்ல, தோல் நோய்.

நடத்தையில் காணும் மாற்றம் அனைத்தையும் பருவத்தின் மீது சுமத்திவிடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. மழைக்காலத்தின் ஈரப்பதத்தில் பெருகிய உண்ணிகள் அக்டோபரிலும் இருக்கின்றன. அவை பரப்பும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் நாயை முதலில் சோம்பலாகவே காட்டும். விளையாட மறுக்கும்; உணவைப் பாதியில் விடும். குளிர் வந்ததால் சோர்ந்திருக்கிறது என்று நாட்களைக் கடத்துபவர்கள், ஈறுகள் வெளிறி மூக்கில் இரத்தம் வடிந்த பின்னரே மருத்துவரிடம் ஓடுகின்றனர்.

வயது முதிர்ந்த நாய்களுக்குக் குளிர் மூட்டு வலியைக் கூட்டுகிறது. இதுநாள் வரை குழந்தைகள் ஏறி விளையாடினாலும் பொறுத்துக்கொண்ட நாய், நவம்பரில் இடுப்பைத் தொட்டதும் உறுமுகிறது என்றால், அதன் குணம் கெட்டுவிட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது. தொட்ட இடம் வலிக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். தரையில் ஒரு சாக்கையோ பழைய கம்பளத்தையோ விரித்துப் படுக்க வைப்பதும், மருத்துவரிடம் காட்டுவதும் கடியைத் தடுக்கும்.

வட மாநிலங்களில் இதே வாரங்கள் காற்று மாசின் வாரங்களும் ஆகும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் சாதாரண நாட்களிலேயே மூச்சுக்குத் திணறுபவை. புகை தரையோடு தேங்கும் அதிகாலையில் அவற்றை நடைக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்த்து, வெயில் ஏறிய பின் சிறிது நேரம் நடத்துவது நல்லது.

குட்டிகள் பிறக்கும் காலம்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். செப்டம்பரிலும் அக்டோபரிலும் இணைசேர்ந்தவை நவம்பர், டிசம்பரில் ஈனுகின்றன. பருவ மாற்றம் மனிதர்களை நேரடியாகத் தொடும் கட்டம் இதுவே.

கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா தலைமையிலான குழு தெருநாய்களை நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. ஈனுவதற்கு இடம் தேடும் நாய்கள் மனித நடமாட்டத்தைத் தவிர்ப்பதற்குப் பதிலாக அதன் அருகிலேயே இடம் தெரிவு செய்வதை இக்குழு கண்டறிந்தது. மாடிப்படியின் அடிப்புறம், கட்டுமானப் பணியிடம், கடையின் பின்புறம், நிறுத்தி வைத்த வாகனத்தின் அடி ஆகியவை அவற்றின் பிரசவ அறைகள். உணவு மனிதர்களிடம் இருப்பதால் அவர்களை விட்டு அகல அவற்றால் இயலாது. ஆனால் குட்டிகளுக்கு ஆபத்து வருவதும் பெரும்பாலும் மனிதர்களிடமிருந்தே. 2016-ஆம் ஆண்டு வெளியான இக்குழுவின் ஐந்தாண்டு ஆய்வில், 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் 19 விழுக்காடு மட்டுமே இனப்பெருக்க வயதை எட்டின. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு மனிதர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணமாக இருந்தனர்.

இந்தப் பின்னணியில் தாய்நாயின் சீற்றத்தைப் புரிந்துகொள்ளலாம். குட்டிகள் பிறந்து இரண்டு வாரங்கள் வாக்கில்தான் கண் திறக்கும். அதுவரையிலும், அவை தடுமாறி நடக்கத் தொடங்கும் அடுத்த சில வாரங்களிலும், தாயின் பொறுமை மிகவும் குறைவு. நேற்று வரை வாலாட்டி வந்த நாய் இன்று பல்லைக் காட்டினால் அருகில் எங்கோ குட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். ஜெய்ப்பூரில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து நடந்துவரும் கருத்தடைத் திட்டத்தை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட கட்டுரை ஒன்று, மருத்துவமனையில் பதிவான கடிகளின் பருவ ஏற்ற இறக்கத்தை நாய்களின் இனப்பெருக்கப் பருவத்தோடு ஒப்பிட்டது. பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்ததால் குட்டிகளைக் காக்கும் சீற்றம் குறைந்ததே கடிகள் குறைந்ததற்கான விளக்கமாக அதில் முன்வைக்கப்பட்டது.

குட்டி ஈன்ற நாய் இருக்கும் இடத்தில் பத்து அடி சுற்றிச் செல்வதும், குழந்தைகளைக் குட்டிகளைத் தூக்க விடாமல் தடுப்பதும் போதுமானவை. அந்த இடத்தை நாற்காலியாலோ கயிற்றாலோ தடுத்துவிட்டால் இன்னும் நல்லது. குட்டிகளை அள்ளிச் சென்று வேறு தெருவில் விடுவதால் தொல்லை தீராது. தாய் அவற்றைத் தேடி அலையும். அலையும் நாய் இன்னும் பதற்றமாக இருக்கும். குளிர் இரவுகளில் குட்டிகள் வாகனங்களின் சக்கரத்தை ஒட்டிப் படுப்பதால், காலையில் வண்டியை எடுக்குமுன் குனிந்து பார்ப்பது ஓர் உயிரைக் காக்கும்.

கருத்தடை எந்த மாதத்தில்?

2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 1.53 கோடி தெருநாய்கள் உள்ளன. 2024-இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, டெல்லி மற்றும் அண்டை நகரங்களின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியமைத்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கண்ட, மூர்க்கமான நாய்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்றும் அது கூறியது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக் கூடாது என நவம்பர் 7-இல் மற்றோர் உத்தரவு வந்தது.

நாடே இவ்வளவு தீவிரமாக விவாதித்த பொருளில், மாதக் கணக்கு மட்டும் அதிகம் பேசப்படவில்லை. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடைப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. கடிகள் பெருகிப் புகார்கள் குவிந்த பின் தொடங்கும் நடவடிக்கை, பெண் நாய்கள் சினையுற்றோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் காலத்தில் வந்து சேர்கிறது. பாலூட்டும் நாயைப் பிடித்துச் சென்றால் குட்டிகள் பட்டினியால் மடியும். சினை முற்றிய நாய்க்கு அறுவை சிகிச்சை செய்வது ஆபத்தானது. எனவே இணைசேரும் பருவத்துக்கு முன்பு, கோடை மாதங்களில் பணியை முடுக்கிவிடுவதே பயன் தரும். ஏப்ரலில் கருத்தடை செய்யப்பட்ட ஒரு பெண் நாய் அக்டோபரில் ஆண் நாய்க் கூட்டத்தை ஈர்ப்பதில்லை. டிசம்பரில் குட்டியைக் காக்கப் பாய்வதும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்ததன் அடையாளமாகக் காதின் நுனியில் வெட்டு இடப்படுவதால், எந்தத் தெருவில் பணி மீதமுள்ளது என்பதைப் பொதுமக்களும் கண்டறியலாம்.

கடிபட்டால்

இணைசேரும் காலச் சண்டைகளில் நாய்கள் ஒன்றையொன்று கடிப்பதால் வெறிநோய்க் கிருமி பரவும் வாய்ப்பு கூடுகிறது. உடலில் புகுந்த கிருமி நோயாக வெளிப்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் பரவல் நிற்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாக அண்மைய தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

நாய் கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண் மீது நக்கினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோலுக்குள் செலுத்தும் முறையில் முதல் நாளுக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி போடப்படுகிறது. இரத்தம் வரும் அளவுக்குக் காயம் இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தப்பட வேண்டும். அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோய்க்கு ஏறத்தாழ எந்தச் சிகிச்சையும் பலனளிப்பதில்லை.

குளிர்காலத்தில் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போவது குட்டியின் கடி. விளையாட்டாகப் பல் பதிந்தது, சிறு கீறல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். அடி விழும் என்று அஞ்சிக் குழந்தைகள் வீட்டில் சொல்லாமலேயே இருந்துவிடுகின்றனர். சில வாரங்களே ஆன குட்டிக்கும் வெறிநோய் வரக்கூடும். டிசம்பரில் தெருக்குட்டிகளோடு விளையாடிவிட்டு வரும் குழந்தையின் கையையும் காலையும் ஒருமுறை பார்த்து, கீறல் ஏதும் உண்டா என்று கேட்டு, இருந்தால் அன்றே ஊசிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.